எட்டுக் கிளாஸ் தேத்தண்ணி

கொழும்புக்காரருக்குச் சாப்பாட்டில் ஒரு பெருமை உண்டு. காலையில் வெள்ளவத்தையில் இடியப்பமும் பால் சொதியும். பத்து மணிக்குப் புறக்கோட்டையில் ஒரு பிளேன்டீயும் மாலுபாணும். மத்தியானம் பறங்கியர் பக்குவத்தில் வாழையிலையில் பொதிந்து வெதுப்பிய லம்ப்ரைஸ். பின்னேரம் காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை. இரவு புதுக்கடை அப்துல் ஹமீத் வீதியில் கொத்து, அதற்கு மேலே ஒரு வட்டிலப்பம். தமிழர், சிங்களவர், சோனகர், பறங்கியர், மலாயர் எல்லாரும் ஒரே நாளில் ஒரே வயிற்றுக்குள் சமாதானமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற சொந்தக்காரருக்குக் காட்டி மகிழ்வோம். கொத்து ரொட்டியைத் தேசிய ஒற்றுமையின் சின்னமாக்கி ஒரு கட்டுரையாவது போடாத பத்திரிகை இங்கே இருக்காது.

வயிறு சண்டை பிடிக்காது என்பது சரிதான். அதை ஒரு நற்குணமாக எடுத்துக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1983 ஜூலை 25ஆம் திகதி காலி வீதி நெடுக எரிந்த தமிழ்க் கடைகளில் சாப்பாட்டுக் கடைகளும் இருந்தன. அந்தக் கடைகளில் அதற்கு முதல் கிழமை தோசையும் உளுந்து வடையும் சாப்பிட்டவர்கள் தமிழர் மட்டும்தானா? வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்த கூட்டத்தில் தோசை பிடிக்காதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கடை எரிந்தது, தோசை தப்பியது. இன்றைக்கும் சிங்களவர் நடத்தும் கடைகளில் ‘தோசே’ நன்றாகத்தான் ஓடுகிறது. அதற்கும் ஐம்பது வருடம் முன்னே, 1930களில், தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க கொழும்பு மலையாளிகளுக்கு எதிராகப் பிரசாரம் நடத்தியபோதும் அவர்களுடைய தேநீரில் யாருக்கும் குறை இருந்திருக்காது. நாக்கு எந்த எல்லையையும் தாண்டும். தாண்டுவதால் அதற்கு எந்த நட்டமும் இல்லை. அடுத்தவனுடைய கறியை விரும்புகிறவர் அடுத்தவனையும் விரும்புவார் என்பது சாப்பிட்ட கையோடு வருகிற ஒரு இனிய மயக்கம்.

இரவு கொத்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப் திறப்பவரைப் பற்றி நான் கதைக்க நினைக்கிறேன். அவருக்கு அங்கே ஒரு காணொளி காத்திருக்கும்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவரின் கோப்பையில் ஒரு மாக் கட்டி கிடந்தது. குழம்புக்குள் மாக் கட்டி கிடந்தால் சமையல்காரர் அவசரப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். வந்தவர்கள் அதை, சிங்களவரை மலடாக்குகிற மாத்திரை என்றார்கள். காசு மேசையில் இருந்தவருக்குச் சிங்களம் அரைகுறை. என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல், மாவைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று எண்ணி, ஓம், போடுகிறோம் என்ற பாங்கில் பதில் சொல்லிவிட்டார். அந்தச் சில விநாடிகள் கைப்பேசியில் பதிவாகி, ஒப்புதல் வாக்குமூலமாக முகநூலில் நாடு முழுக்க ஓடியது. கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அடுத்த கிழமை கண்டிப் பக்கம் திகன எரிந்தது. அதற்கு வேறொரு உடனடிக் காரணம் இருந்தது, ஆனால் எரிந்த மனங்களில் இந்த மாத்திரையும் ஏற்கனவே கரைந்திருந்தது. மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை.

அரச பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைப் பரிசோதித்து, அது வெறும் மாவு என்று அறிக்கை கொடுத்தார். ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். ஒருமுறை விழுங்கினால் ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவ உலகில் இல்லை. இருந்திருந்தால் சனத்தொகைக் கவலைப்படும் அரசாங்கங்கள் எல்லாம் அம்பாறைக்கு வந்து அந்தச் சமையல்காரரின் முன்னால் வரிசையில் நின்றிருக்கும். அது மட்டுமா, கடைக்காரரும் அவருடைய பிள்ளைகளும் சாப்பிடுவது அதே சட்டியில்தான். மாத்திரை யாருடைய வயிற்றுக்குள் போகிறது என்று இனம் பார்த்து வேலை செய்யுமா? ஒரு நிமிடம் நின்று யோசிக்கிற யாருக்கும் இந்தக் கேள்வி வரும். அந்த ஒரு நிமிடம்தான் அன்றைக்கு அம்பாறையில் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் உட்பட ஒரே காலையில் வெடித்த குண்டுகளில் 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கொட்டாஞ்சேனையில் இழவு விழாத ஒழுங்கைகள் குறைவு. தமிழ்க் கத்தோலிக்கர் பலர் அதில் போனார்கள். அந்தப் பயத்துக்கும் கோபத்துக்கும் காரணம் இருந்தது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் குண்டு வைத்தவர்களுக்கும் ஜம்பட்டா வீதியில் நாற்பது வருடமாகப் பராட்டா தட்டுகிற ஒரு முஸ்லிமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்த மாதங்களில் ஆளில்லை. ஜூன் மாதத்தில் அஸ்கிரிய மகாநாயக்கர் வரகாகொட ஞானரத்தன தேரர் முஸ்லிம் கடைகளில் சாப்பிட வேண்டாம் என்று பகிரங்கமாகவே உபதேசித்தார். பழைய மாத்திரைக் கதை மீண்டும் உயிர் பெற்றது. அவர்கள் சாப்பாட்டில் மூன்று முறை துப்பிவிட்டுத்தான் தருவார்கள் என்கிற இன்னொரு கதையும் கூடச் சேர்ந்தது. எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டும் எழுத்துப் பிழைகூடத் திருத்தப்படாமல் சுற்றின. அனுப்பியவர்களில் பட்டதாரிகள் இருந்தார்கள். ஒரு ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியரும் இருந்தார்.

இதுவரை வாசித்த வெள்ளவத்தைத் தமிழர், அதுவும் யாழ்ப்பாணத்துச் சைவர், தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். பாருங்கோ, படிக்காத சனம், மாக் கட்டிக்காகக் கடையை உடைக்குதுகள். அவருக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம் கசப்பாக இருக்கும். அம்பாறையில் கடை உடைத்த கும்பல் எங்களைவிட ஒரு படி விஞ்ஞானபூர்வமானது.

ஏனென்று சொல்கிறேன். அந்தக் கும்பல் ஒரு பொருளைக் காட்டி, இதற்குள் இன்ன மருந்து இருக்கிறது என்றது. பைத்தியக்காரத்தனமான கூற்றுத்தான், ஆனாலும் சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. அதனால்தான் ஆய்வுகூடம் அதைப் பொய்யென்று நிரூபிக்க முடிந்தது. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடையில் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட பஞ்சமருக்கென்று தனிப் போத்தல் வைத்திருந்த முதலாளி அப்படி எந்தக் கூற்றையும் முன்வைக்கவில்லை. இவர் குடித்த பேணியில் இன்ன நஞ்சு ஒட்டிக்கொள்ளும், இன்ன வியாதி வரும் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. தீட்டு என்றார், அவ்வளவுதான். தீட்டை எந்த அரச பகுப்பாய்வாளரிடம் அனுப்புவது? பொய்யென்று நிரூபிக்கவே முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டுத் தலைமுறை தலைமுறையாக நிம்மதியாக இருந்தோம். நாங்கள் கடையை உடைக்கவில்லை என்பது உண்மை. உடைக்கத் தேவைப்படவில்லை, கடைகளே எங்களிடம்தான் இருந்தன.

இளையவர்களுக்கு இது ஏதோ சங்ககாலச் சங்கதி போலத் தோன்றலாம். சாப்பாட்டுக் கடைக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் சாதி பார்த்து ஆளை மறிப்பது குற்றம் என்று இலங்கையில் சட்டம் வந்தது 1957இல்தான், அந்த ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். சட்டம் வந்து ஒன்பது வருடம் கழிந்தும் கடை வாசலில் வாங்கில் வெளியே, போத்தல் தனியே. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது, பொலிசார் அடித்தார்கள். அதன் தொடர்ச்சியாகத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாகி, சங்கானையிலும் நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் தேநீர்க் கடைப் பிரவேசம் நடந்தது. ஒரு கிளாஸ் தேத்தண்ணியை உள்ளே இருந்து குடிப்பதற்காக மனிதர் அடி வாங்கினார்கள், உயிரையும் கொடுத்தார்கள். கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் காலத்தின் வாடை தெரியும். அப்போது இருபது வயதாக இருந்தவர்கள் இன்றைக்கும் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். உள்ளே போனவர்களும் இருக்கிறார்கள், மறித்தவர்களும் இருக்கிறார்கள். மறித்தேன் என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. எல்லாரும் அந்த நேரம் வேறெங்கேயோ இருந்திருக்கிறார்கள்.

நாங்கள் இதில் தனியும் இல்லை. ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகையை இறக்கச் சொல்லி 1957இல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் மறியல் தொடங்கினார். தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள். அந்தக் கபேயில் இட்லி மோசம் என்று அவர் சொல்லவில்லை. இட்லிக்கு எதற்குச் சாதி என்று கேட்டார். அதே 1957, கடலுக்கு இந்தப் பக்கம் சட்டம், அந்தப் பக்கம் மறியல். அவர் 1932இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பிலும் பேசிவிட்டுத்தான் போனார். கேட்டவர்கள் கைதட்டியிருப்பார்கள். யாழ்ப்பாணத்துப் போத்தல் அதற்குப் பிறகும் முப்பத்துச் சொச்ச வருடம் கடை வாசலில் தொங்கியது.

கொழும்பில் போத்தல் இல்லை. கொழும்பில் முகம் தெரியாது. வெள்ளவத்தையில் உங்களுக்குத் தோசை வைக்கிற பெடியன் அட்டனா, வவுனியாவா, பதுளையா என்று உங்களுக்குத் தெரியாது, பக்கத்து மேசையில் இருப்பவர் யாரென்றும் தெரியாது. நகரத்தின் மகத்தான அறம் அதுதான், அது யாருடைய பெருந்தன்மையாலும் வந்ததல்ல. அந்த இருட்டிலும் துழாவுவதற்கு எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. வீட்டு விசேஷத்துக்குச் சமையல் பேச வந்தவரிடம் மிகுந்த மரியாதையாக, சிரித்துக்கொண்டே கேட்பார்கள்:

“தம்பி எந்த ஊர்?”

“கரவெட்டி, அம்மா.”

“ஓ, எங்கட ஆக்களும் அங்கால இருக்கினம். கரவெட்டியில எந்தப் பக்கம்?”

முதல் கேள்வி விசாரிப்பு. இரண்டாவது கேள்விதான் கருவி. எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, இன்னாரைத் தெரியுமா. மூன்றாவது பதிலில் ஆளின் சாதி மேசைக்கு வந்துவிடும். பிறகு சமையல் வேறொருவருக்குப் போகும், காரணமாகச் சாம்பாரில் உப்புச் சொல்லப்படும். இதே அம்மா வீட்டுக்கு வெளியே எந்தக் கடையிலும் எவர் சுட்ட தோசையையும் சாப்பிடுவார். தெரியாமல் சாப்பிட்டால் தீட்டில்லை, தெரிந்தால் தீட்டு. உலகத்தில் வேறெந்த அழுக்குக்கும் இப்படி ஒரு நாகரிகம் கிடையாது. சல்மனெல்லா கிருமி, நீங்கள் தன்னைப் பற்றிக் கேள்விப்படும்வரை காத்துக்கொண்டிருக்காது.

இந்த இடத்தில் எனக்குப் பாமன்கடை ஒழுங்கைக்காரர் ஞாபகம் வருகிறார். டொக்டர் ஆபிரகாம் கோவூர். கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்து, தேர்ஸ்டன் கல்லூரியில் ஓய்வு பெற்று, கொழும்பு 6இல் வாழ்ந்தவர். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்து, பேய் பிடித்த வீடுகளிலும் சாமியார்களின் வாசலிலும் போய் நின்றவர். ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனையோடு அமானுஷ்ய சக்தியைக் காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாக 1963இல் பகிரங்கமாகச் சவால் விட்டார். அந்தக் காலத்தில் ஒரு லட்சம் என்பது கொழும்பில் வீடு வாங்கும் காசு. மூடிய உறைக்குள் இருக்கும் ரூபாத் தாளின் இலக்கத்தைச் சொல்லிக் காட்டு என்பது அவருடைய சோதனைகளில் ஒன்று. 1978இல் அவர் சாகும்வரை அந்தக் காசை ஒருவரும் வாங்கவில்லை.

கோவூரின் சவாலோடு இன்னொருவருடைய தேநீரையும் சேர்க்க வேண்டும். 1920களில் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு தேநீர் வேளை. மியூரியல் பிரிஸ்டல் என்ற தாவரவியலாளர், கிண்ணத்தில் பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் சிரித்துவிட்டு விடவில்லை. சோதிப்போம் என்றார். 1935இல் வெளியான தன் நூலில் அந்தச் சோதனையை விரிவாக எழுதினார். எட்டுக் கிண்ணம், நான்கு இப்படி, நான்கு அப்படி, ஒழுங்கைக் குலைத்து வைப்பது, குடிப்பவர் நான்கைப் பிரித்தெடுக்க வேண்டும். வெறும் ஊகத்தில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லக்கூடிய வாய்ப்பு எழுபதில் ஒன்றுதான்.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தை ஒருநாள் எடுப்போம். எட்டுக் கிளாஸ் தேத்தண்ணி. ஒரே தேயிலை, ஒரே பால்மா, ஒரே சீனி, ஒரே கேத்தில். யார் கையால் மனமொப்பி வாங்கிக் குடிப்பீர்களோ அவர் நான்கை ஊற்றட்டும், யார் கையால் குடிக்க மாட்டேன் என்று உங்கள் வீட்டில் சொல்வீர்களோ அவர் மற்ற நான்கை ஊற்றட்டும். திரைக்குப் பின்னால் இடம் மாற்றி வைப்போம். பிறகு உங்கள் குலப்பெருமையின் முழுப் பலத்தையும் நாக்கின் நுனிக்குக் கொண்டுவந்து எந்த நான்கு தீட்டு என்று சொல்லுங்கள். நாக்கால் முடியாவிட்டால் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். சாஸ்திரியாரிடம் காட்டுங்கள். சாமியாடச் சொல்லியும் கேட்கலாம், கோவூர் அதற்கும் இடம் கொடுத்திருப்பார். ஒன்றாலும் முடியவில்லை என்றால் அந்தத் தீட்டு எந்தக் கிளாஸுக்குள் இருந்தது? இதே சோதனையைச் சிங்களக் கொத்து, முஸ்லிம் கொத்து, தமிழ்க் கொத்து என்று புதுக்கடையிலும் நடத்தலாம். துப்பிய கொத்து எது என்று மகாநாயக்கர்கள் சொல்லட்டும்.

சைவம் சாப்பிடுகிறவரையும் ஹலால் பார்க்கிறவரையும் நான் இந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. ஆடு துடிப்பதைப் பார்த்தபின் இறைச்சி வேண்டாம் என்று முடிவெடுத்தவரின் காரணம் திடமான காரணம், நானே அதற்கு முன்னால் சிலசமயம் பதில் இல்லாமல் நிற்கிறேன். என் கோப்பையில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று கேட்கிற முஸ்லிம், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார். பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. அப்படிப் பார்த்தால் 2013இல் சிங்கள பௌத்த அமைப்பான பொதுபல சேனா போட்ட கூச்சலுக்கு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பணிந்து உள்நாட்டுப் பொருட்களில் இருந்து ஹலால் முத்திரையை எடுத்தபோது நடந்தது ஒரு தகவலை அழித்ததுதான். ஏற்றுமதிக்குப் போகிற பொருளில் அதே முத்திரை இருக்கலாம் என்றார்கள். அந்நியச் செலாவணி கொண்டுவந்தால் முத்திரையால் பௌத்தத்துக்கு ஆபத்தில்லை போலும்.

2020 செப்டெம்பரில் மாடு அறுப்பதைத் தடை செய்ய அமைச்சரவை கொள்கையளவில் உடன்பட்டபோதும் இதே கூத்து. மாடு அறுக்கக் கூடாது, சாப்பிடுகிறவர்களுக்காக இறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வோம் என்று அதே முடிவில் எழுதினார்கள். கொலைப் பாவம் அவுஸ்திரேலியாவிலோ இந்தியாவிலோ கழியட்டும், கறி இங்கே வேகட்டும். நாங்கள் சும்மா இருக்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே சாவகச்சேரியில் சிவசேனை என்ற தமிழ் இந்து அமைப்பு மாட்டிறைச்சிக் கடைகளுக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்து, பேரினவாதத்திடம் அடி வாங்கிய இனம் அதனிடமே பாடமும் படிக்கும் என்று காட்டிவிட்டது. தேநீர்க் கடைப் பிரவேசத்துக்காக மனிதர் அடி வாங்கிய ஊர்களில் சாவகச்சேரியும் ஒன்று என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

ஆக, சாப்பாட்டுக் கடையில் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒன்று. கை கழுவினீர்களா என்பது மற்றது. மூன்றாவதாக வரும் யாருடைய கை என்பது கேள்வியே அல்ல. நாங்களோ மூன்றாவதை மட்டும் மூன்று தலைமுறையாகக் கேட்டு, இரண்டாவதை ஒருநாளும் கேட்டதில்லை.

நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால் ஒரு சைவக் கடைக்குள் வந்து உட்காருங்கள். உங்களைக் கேளாமலே மேசையில் ஒரு தட்டு வரும். அதில் உளுந்து வடை, கடலை வடை, ரோல்ஸ், ஒரு போண்டா. நீங்கள் இரண்டை எடுப்பீர்கள், அதற்கு மட்டும் காசு. எந்த வடை முறுகலாய் இருக்கிறது என்று நாலைந்தை விரலால் தொட்டுப் பார்த்தபிறகுதான் அந்த இரண்டையும் எடுத்திருப்பீர்கள். மிச்சத் தட்டு அடுத்த மேசைக்குப் போகும். அங்கே இருமிக்கொண்டிருக்கும் ஒருவர் வடையைப் பிய்த்துப் பார்த்து வைப்பார். பின்னேரம் நான்கு மணிக்கு அந்தத் தட்டில் கடைசியாகக் கிடக்கும் வடையை எத்தனை சாதி, எத்தனை மதம் தொட்டிருக்கும்! தீட்டு உண்மையாக இருந்தால் வெள்ளவத்தை இந்நேரம் வெறிச்சோடிப் போயிருக்க வேண்டும். தீட்டு அங்கே இல்லை, கிருமி இருக்கிறது. நாங்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பிறகு தண்ணீர் வரும். நான்கு கிளாஸை ஒரே கையில், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விரல் விட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கை துடைக்கப் பழைய பத்திரிகையையோ யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாளையோ சதுரமாக வெட்டி வைத்திருப்பார்கள், அச்சு மை எண்ணெயோடு விரலுக்கு ஏறும். சுவரில் வெள்ளிக்கிழமை சந்தனம் வைத்த பிள்ளையார், முருகன், லட்சுமி. எழுத்துப் பெரிதாகச் ‘சுத்த சைவம்’. நாங்கள் திருப்தியாகச் சாப்பிட்டு எழும்புவோம்.

1847இல் வியன்னாவின் பெரிய ஆஸ்பத்திரியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரேதம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். பத்தில் ஒருவருக்கு மேல் செத்துக்கொண்டிருந்த தாய்மார் நூற்றுக்கு ஒருவர் இருவராகக் குறைந்தார்கள். மருத்துவ உலகம் அவரைத் தலையில் தூக்கி வைக்கவில்லை, அவமானப்பட்டது. எங்கள் கையையா அழுக்கு என்கிறாய் என்று கோபப்பட்டது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்ல்ஸ் மெய்க்ஸ் என்ற பேராசிரியர், மருத்துவர்கள் கண்ணியமானவர்கள், கண்ணியமானவரின் கை சுத்தமாகத்தான் இருக்கும் என்ற பொருள்பட எழுதியே விட்டார். பிறப்பால் வந்த சுத்தத்துக்குச் சவர்க்காரம் எதற்கு? யாழ்ப்பாணத்தில் மட்டும்தான் இந்த நோய் என்று நினைக்க வேண்டாம்.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், நாங்கள் பீஎச்ஐ என்று அழைப்பவர்கள், கடைக்குள் வந்து பார்க்கும் அதிகாரத்தோடு இருக்கிறார்கள். கடையைத் தரம் பிரிக்கும் முறையும் உண்டு. அந்தச் சான்றிதழைக் கேட்டுச் சாப்பிடுகிறவரை நான் வெள்ளவத்தையிலும் கண்டதில்லை, கொட்டாஞ்சேனையிலும் கண்டதில்லை. கேட்டால் கடைக்காரர் கோபிப்பார் என்று வெட்கப்படுகிறோம். சமையல் பேச வந்தவரிடம் ‘எந்தப் பக்கம்’ என்று கேட்க மட்டும் அந்த வெட்கம் வருவதில்லை.

கழுவுகிற கையைப் பற்றிக் கடைசியாக ஒன்று. கடையின் பின்பக்கம், கோப்பை கழுவுகிற தொட்டியடியில், பெரும்பாலும் மலையகத்திலிருந்து வந்த ஒரு பெடியன் நிற்பான். காலையிலிருந்து இரவு வரை தண்ணீருக்குள் கை. விரல் இடுக்கில் தோல் வெள்ளையாய் ஊறி, வெடித்து, நகத்தடி சிவந்து வீங்கியிருக்கும். எங்கள் சுத்த சைவம் முழுக்க முழுக்க அந்தக் கை கழுவித் தந்த கோப்பையில் இருக்கிறது. அதில் ஒழுகுவது தீட்டல்ல, சீழ். சீழை அளக்கலாம், பார்க்கலாம், மருந்து போடலாம், வராமலும் தடுக்கலாம். காலி வீதியில் நான் அடிக்கடி சாப்பிடும் ஒரு கடையில் இப்படி ஒரு பெடியனைக் கண்டு முதலாளியிடம் கதைத்தேன். நல்ல மனிதர், வருடம் தவறாமல் சபரிமலைக்குப் போய் வருபவர்.

“அண்ணை, உந்தப் பெடியனுக்கு ஒரு சோடி றப்பர் கையுறை வாங்கிக் குடுங்கோவன். கை அழுகிப் போச்சு.”

“வாங்கிக் குடுத்தனான் ஐயா. ஒரு கிழமைக்குள்ள கிழிச்சுப் போடுறாங்கள். ஒவ்வொரு கிழமையும் வாங்கிக் கட்டுப்படியாகாது.”

காலையும் மாலையும் கடை முழுக்கச் சாம்பிராணிப் புகை காட்டுவார், கற்பூரமும் தாராளமாக எரியும். அதற்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டேன்.

“சாமிக் காரியத்துக்கு ஆர் ஐயா கணக்குப் பாக்கிறது?” என்றார்.